நாள்தோறும் நின்றுபோகும் கணினிகள்

மாணவர்களே, ஒரு கணினி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுதடையும் என வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவருக்கு இது பெருந்தொல்லை அன்று. ஓரிடத்தில் ஆயிரம் கணினிகள் இருந்தால்? மூன்று ஆண்டுகளுக்கு 1095 நாள்கள். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ நாளுக்கு ஒன்று நின்றுபோகும்.

கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் இக்கணக்கிலிருந்தே தொடங்கினர். சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியோஃப், ஷுன்-டாக் லியுங் ஆகிய மூவரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, தங்கள் நிறுவனம் அப்போது தரவுகளைச் சேமித்த முறையை விளக்குகிறது. மலிவாகக் கிடைக்கும் கணினிகளையே அவர்கள் பயன்படுத்தினர். பழுதை அன்றாட நிகழ்ச்சியாகவே கருதினர்.

பெரிய கோப்பு ஒவ்வொன்றும் 64 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் பொதுவாக மூன்று படிகள் எடுத்து, மூன்று கணினிகளில் வைத்தனர். ஒரே சட்டகத்தில் அடுக்கிய கணினிகளுக்கு மின்சாரம் ஒரே வழியில் வருவதுண்டு. ஆதலால், படிகளை வெவ்வேறு சட்டகங்களில் பரப்பி வைத்தனர். எந்தத் துண்டு எங்குள்ளது என்பதைத் தலைமைக் கணினி அறிந்திருந்தது. வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல, அது மற்றக் கணினிகளோடு குறித்த கால இடைவெளிகளில் செய்தி பரிமாறியது. இச்செய்திக்கு 'இதயத்துடிப்பு' என்றே பெயர். துடிப்பு நின்றபோது, எஞ்சிய படிகளிலிருந்து புதிய படிகள் எடுக்கப்பட்டன.

இதனைச் சோதிக்க, அவர்கள் ஒரு கணினியை வேண்டுமென்றே நிறுத்தினர். அதில் சுமார் 15,000 துண்டுகள், 600 கிகாபைட் தரவு இருந்தன. இழந்த படிகள் அனைத்தும் 23.2 நிமிடங்களில் பிற கணினிகளில் உருவாயின. மற்றொரு சோதனையில் இரண்டு கணினிகளை நிறுத்தினர். அப்போது 266 துண்டுகளுக்கு ஒரே ஒரு படிதான் எஞ்சியது. அதுவும் கெட்டால் அத்தரவு மீளாது. எனவே, இரண்டு படிகள் உள்ள துண்டுகள் காத்திருக்க, அந்த 266 துண்டுகள் முதலில் கவனிக்கப்பட்டன. 2 நிமிடங்களுக்குள் அவை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு படிகள் கிடைத்தன. வேகத்தைவிட இந்த முன்னுரிமையே என்னை வியக்க வைக்கிறது.

கணினி நிற்பதைவிடக் கொடியது, வட்டில் உள்ள தரவு ஓசையின்றித் திரிந்துபோவது. இதனைக் கண்டறிய ஒவ்வொரு 64 கிலோபைட் பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருந்தது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் அப்படியை விலக்கி, வேறொரு படியிலிருந்து தரவைப் பெற்றனர். தலைமைக் கணினியும் பழுதாகலாம் அல்லவா? அதன் மாற்றக் குறிப்பேட்டுக்கும் பிற கணினிகளில் படிகள் இருந்தன.

பயிற்சி: ஒரு துண்டின் மூன்று படிகளையும் ஒரே சட்டகத்தில் வைத்தால் நேரக்கூடியது யாது? மூன்று தொடர்களில் எழுதுக.