சுவருக்கு எந்த நிறம் சுகம்?

“டாக்டர், பொங்கலுக்கு வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போறோம். எந்த கலர் நல்லது?”

சூரணம் வாங்க வருகிறவர்கள் இப்படியும் கேட்பதுண்டு. சித்த வைத்தியருக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். என் வீட்டிலேயே பாடம் படித்தவன் நான்.

சில வருடங்களுக்கு முன், பளிச்சென்று இருக்கட்டுமே என்று சுவர், நிலை, படி எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை அடித்தேன். இரவு பாத்ரூமுக்கு எழுந்த அம்மா, படி எது, தரை எது என்று தெரியாமல் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வயதானால் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறையும். ஒன்று போல உள்ள நிறங்களைப் பிரித்தறிவதும் சிரமம்.

அதனால், சுவருக்கு மோர் நிறம், தந்த நிறம், வெளிர் சந்தனம், இளம் சாம்பல் என்று அடக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். திரைச்சீலை, சோபா எது மாற்றினாலும் ஒத்துப்போகும். ஆனால் நிலைக்கும் படி விளிம்புக்கும் அடர்ந்த நிறம் கொடுங்கள். பளபளப்பு பெயின்ட் கண்ணைக் கூசும். மங்கலான ‘மேட்’ நல்லது.

கடை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிக்கு அடித்துக் காயவிடுங்கள். காலை, மதியம், இரவு என்று மருந்து மாதிரி மூன்று வேளையும் பாருங்கள்! வெயில் எட்டாத அறையில் சாம்பல் மந்தமாகத் தெரியும். அங்கே சந்தனம் எடுக்கும். மேற்கு வெயில் அறைக்கு சாம்பல் பொருந்தும்.

பழைய வீடா? ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடித்த எனாமலில் அதிகம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் தூள் பறக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்துச் சுரண்டச் சொல்லுங்கள். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அம்மாவின் கை குணமாகிவிட்டது. படி விளிம்பில் இப்போது காவிப் பட்டை. “இதை முதல்லயே செஞ்சிருக்கலாமேடா” என்றார். நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள்!