மண்ணுக்குள் ஓடும் மின்சாரம்

கம்பைநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "2023 மார்ச்சில் எங்கள் ஊருக்கு அருகே ஏரிக்கரை ஏறிய காட்டு யானை, தாழ்வாகச் சென்ற மின்கம்பி பட்டு மாண்டது. கடலோரத்தில் புயலுக்காகக் கம்பியைப் புதைக்கிறார்களே, இங்கும் புதைத்தால் என்ன?"

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் போய், வயல் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். புயல்தோறும் வரும் இத்தகைய பாட்டைத் தவிர்க்கத்தான் கடலூர், வேளாங்கண்ணி போன்ற ஊர்களில் உலக வங்கிக் கடனுதவியுடன் புதைவடம் வந்தது. செலவு பல மடங்கு. மேலே போகும் கம்பிக்குக் காற்றே காப்பு, காசில்லாமல் கிடைப்பது. மண்ணுக்குள் அந்த வேலையைச் செய்யத் தடித்த பாலித்தீன் உறை வேண்டும்.

புதைத்த கேபிளில் என்னை எப்போதும் வியக்கவைப்பது பழுது பார்க்கும் முறைதான். அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. முதலில் கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்புவார்கள். பழுதில் மோதி அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிப்பார்கள். ஆனால் கேபிள் வளைந்து நெளிந்து கிடப்பதால் அது உத்தேசக் கணக்குதான். பிறகு உயர் மின்னழுத்தத்தைச் சேமித்து, சில விநாடிக்கொரு தடவை கேபிளுக்குள் கொட்டுவார்கள். பழுதான இடத்தில் பொறி வெடித்து மண் 'தொம்' என்று அதிரும். சிறு வயதில், பக்கத்து வீட்டு உரலில் உலக்கை விழுவதை எங்கள் திண்ணையில் உட்கார்ந்தே உணர்ந்திருக்கிறேன். அப்படி ஓர் அதிர்வு. ஊழியர் தரையில் ஒலிவாங்கியை வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே தோண்டச் சொல்வார்.

வாசகர் கேட்டதற்கு வருகிறேன். கம்பைநல்லூர் இருக்கும் தருமபுரி மாவட்டம் முழுவதும் புதைக்க வேண்டியதில்லை. யானை வரும் வழியில், ஏரிக்கரையைக் கடக்கும் அந்தத் துண்டை மட்டும் புதைக்கலாம். முடியாவிட்டால் கம்பத்தையாவது உயர்த்தலாம். இரண்டும் செய்யாமல் விடுவதற்குப் பணத்தைக் காரணம் சொல்லக் கூடாது.

புதைத்துவிட்டால் மறந்துவிடலாம் என்பதும் தவறு. கேபிள் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கும். கதவில்லாத மின்பகிர்வுப் பெட்டிகள் (பில்லர் பாக்ஸ்) நடைபாதையில் வாய் பிளந்து நிற்கின்றன. மழைநாளில் அவை உயிர் குடிக்கும். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டுகிறவர்கள் மின் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேபிளுக்கு மேல் மணல் பரப்பி, எச்சரிக்கையாகச் செங்கல் அடுக்குவது வழக்கம். தோண்டும்போது செங்கல் வரிசை தட்டுப்பட்டால் கடப்பாரையை அங்கேயே நிறுத்திவிட்டு, மின் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.