இரண்டாம் இடத்துக்கு இறங்கி வருபவர்கள்

1999இல் ஜான் குக் எடுத்த முடிவு, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பதவி இறக்கமாகவே தெரிந்திருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் அணிக்கு ஏழு பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், அதை உதறிவிட்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டெரி பெட்டிட்டுக்கு அடுத்த நிலையில் போய்ச் சேர்ந்தார். ஒரே ஒரு பருவம்தான். பெட்டிட் ஓய்வு பெற, 2000இல் தலைமை குக்கின் கைக்கு வந்தது. அந்த ஆண்டு 34 ஆட்டங்கள், ஒரு தோல்விகூட இல்லை, தேசியப் பட்டம். 2025 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் மூன்று பட்டங்கள் சேர்ந்தன.

அங்கே கல்லூரி வாலிபால் பயிற்சி என்பது முழுநேரத் தொழில். நம் கல்லூரிகளில் ஒரே பி.டி. சார் கபடிக்கும் வாலிபாலுக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் விசில் ஊதுகிறார். அங்கே முதல் பிரிவில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தலைமைப் பயிற்சியாளரும் தனி உதவியாளர்களும் உண்டு. ஆனால் பட்டத்துக்கு மோதும் அணிகள் ஒரு கை விரல்களில் சில தடவை எண்ணி முடிக்கக்கூடியவை. நல்ல ஆட்டக்காரர்கள் அங்கேதான் போகிறார்கள். பணமும் கூட்டமும் அங்கேதான். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா அணி தன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில் ஆடியபோது 92,003 பேர் வந்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தலைமைப் பதவி இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காலியாகும். அதனால்தான் சிறிய அணியின் முதல் இடத்தைவிடப் பெரிய அணியின் இரண்டாம் இடம் சிலருக்கு மேலாகப் படுகிறது.

அந்த இரண்டாம் இடத்தில் என்ன வேலை? பெரும்பகுதி ஆள் பிடிப்பதுதான். பள்ளி மாணவிகள் ஆடும் கிளப் போட்டிகள் பெரிய கண்காட்சி மண்டபங்களில் நடக்கும்; ஒரே கூரையின் கீழ் பல ஆடுகளங்கள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். கல்லூரிகளின் பெயர் பொறித்த சட்டையணிந்த உதவிப் பயிற்சியாளர்கள் களத்துக்குக் களம் அலைந்துகொண்டிருப்பார்கள். பார்க்கலாம், பேசக் கூடாது. பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15 வரை மாணவியைத் தொடர்புகொள்ள விதிகள் அனுமதிப்பதில்லை. அந்தத் தேதி பிறந்ததும், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் நல்ல செட்டர்களின் கைப்பேசிகள் ஓய்வதில்லை.

மிச்ச நேரம் வீடியோவுக்கு. வாலிபாலில் ஓர் அணிக்கு ஆறு சுழற்சி நிலைகள். செட்டர் பின்வரிசையில் இருந்தால் வலையருகே அடிக்க மூன்று பேர்; அவர் முன்வரிசைக்கு வந்துவிட்டால் இரண்டே பேர். எதிரணி எந்தச் சுழற்சியில் திணறுகிறது, சர்வீஸை எடுப்பவர்களில் யாருக்குக் கை நடுங்குகிறது, நெருக்கடியில் செட்டர் பந்தை யாரிடம் தள்ளுகிறார் என்று ஒவ்வொரு தொடுதலையும் குறியீடாகக் கணினியில் ஏற்றி, ஆட்டத்துக்கு முந்தைய இரவில் இரண்டு பக்கமாகச் சுருக்குவது உதவியாளரின் பாடு. ஆட்டத்தின்போது களத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கு சர்வீஸ் போட வேண்டும் என்று அட்டையின் மறைவில் விரல் காட்டுவதும் பல அணிகளில் அவர்தான். தொலைக்காட்சி காட்டுவது தலைமைப் பயிற்சியாளரின் முகத்தை. ஆட்டம் புரிந்தவர்கள் பார்ப்பது அந்த விரல்களை.

இதற்கும் கீழே ஒரு படி இருந்தது: சம்பளமில்லாத தன்னார்வப் பயிற்சியாளர். ஆடி முடித்த இளைஞர்கள், கோடை முகாம்களில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, கல்லூரி அணிக்கு இலவசமாக உழைப்பார்கள். வீட்டில் கொஞ்சம் வசதி இருந்தவர்களுக்கே இது கட்டுபடியாகும். அனுபவம் என்ற பெயரில் நடந்த சுரண்டல் என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2023இல் அந்தப் பதவியை ஒழித்து, அந்த இடத்துக்கும் சம்பளம் கொடுக்க வழி செய்தது.

ஏணியில் இன்னொரு கோணலும் உண்டு. என்.சி.ஏ.ஏ. 1981இல் பெண்கள் வாலிபால் போட்டியைத் தொடங்கியதிலிருந்து 2023 வரை முதல் பிரிவில் பட்டம் வென்ற அணிகள் அனைத்துக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆண்தான். ஆடியவர்கள் பெண்கள், உதவியாளர்களிலும் பெண்கள் ஏராளம், கடைசிப் படி மட்டும் எட்டவில்லை. 2024 டிசம்பர் 22 அன்று லூயிவில் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் இரு பக்கமும் பெண் பயிற்சியாளர்கள்: பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு கேட்டி ஷூமாக்கர்-காலி, லூயிவிலுக்கு டேனி பஸ்பூம் கெல்லி. பென் ஸ்டேட் 3-1 என்று வென்றது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவில்தான் ஷூமாக்கர்-காலி அந்தப் பருவத்தை நடத்தினார்.

அவருடைய பாதையும் குக்கின் பாதைதான். ரஸ் ரோஸின் பயிற்சியில் 1999இல் பென் ஸ்டேட்டுக்காகப் பட்டம் வென்ற ஆட்டக்காரர். பிறகு சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழக அணிக்குப் பல ஆண்டுகள் தலைமை. அதன்பின் 2018இல் பென் ஸ்டேட்டுக்குத் திரும்பி, தன் பழைய குருவின் கீழ் உதவியாளர். 43 பருவங்கள் நடத்தி ஏழு பட்டங்கள் வென்ற ரோஸ் 2021 பருவத்தோடு விலகியதும் இடம் இவருக்கு வந்தது.

தோற்ற பஸ்பூம் கெல்லிக்கும் காத்திருப்பு நீளவில்லை. நெப்ராஸ்காவில் 2006இல் பட்டம் வென்ற அணியில் ஆடியவர், பிறகு குக்கின் உதவியாளர். அங்கேயே காத்திருக்காமல் 2017இல் லூயிவிலுக்குப் போய்த் தலைமை ஏற்று, 2021இல் அந்த அணியை முதன்முறையாகக் கடைசி நான்குக்குள் கொண்டுவந்தவர். 2024 இறுதி ஆட்டம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, குக் ஓய்வை அறிவித்தார். நெப்ராஸ்கா இவரை அழைத்தது. லூயிவிலில் காலியான தலைமை, அங்கே அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த டான் மெஸ்கேவுக்குப் போனது.