கல்வியியலில் டாக்டர் பட்டம்: ஆராய்ச்சிப் பயிற்சியை அமைக்கும் முறை

பள்ளிகளில் குழந்தைகள் எவற்றைக் கற்கின்றனர், எவற்றைக் கற்கத் தவறுகின்றனர், அதற்குக் காரணங்கள் யாவை என்பவற்றை முறையாக ஆராய்ந்து கூறுவது கல்வியியல் ஆராய்ச்சியின் பணியாகும். இப்பணிக்கு ஆட்களை ஆயத்தம் செய்யும் உயர்ந்த படியே டாக்டர் பட்டப் படிப்பு. இப்படிப்பினால் இரு பயன்கள் விளைகின்றன. ஒன்று ஆய்வேடு, மற்றொன்று அதனை எழுதி முடித்த ஆராய்ச்சியாளர். ஆய்வேடு ஒரு வினாவுக்கு விடை கூறுவதோடு நின்றுவிடும். ஆராய்ச்சியாளரோ அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலோ, பாடநூல் குழுவிலோ, கல்வி அலுவலகத்திலோ பணிபுரிவார். அவர் கூறும் முடிவுகளை நம்பிப் பாடத்திட்டங்கள் மாற்றப்படும். பயிற்சி முறைகள் வகுக்கப்படும். ஆகவே, படிப்பை முடித்தவர் எவற்றைத் தாமே பிழையறச் செய்யவல்லவராக இருத்தல் வேண்டும் என்பதனை முதலில் வரையறுத்துக்கொண்டு, அதற்கேற்ப ஆண்டுகளையும் பாடங்களையும் அமைப்பதே முறையாகும்.

இப்பொருள் பல்கலைக் கழகங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் பலர் பணியில் இருந்துகொண்டே இப்பட்டத்திற்குப் பதிவு செய்துகொள்கின்றனர். பதிவு செய்யாதவர்களும் ஆராய்ச்சியாளர்களுக்குத் தம் வகுப்பறைக் கதவைத் திறந்துவிட நேர்கிறது. பயிற்சி சரிவர அமையாவிடின் வீணாவது அவர்களுடைய உழைப்பும் குழந்தைகளின் பாட நேரமுமே ஆகும்.

இந்தியாவில் இப்படிப்பு வளர்ந்த விதம்

இந்தியாவில் கல்வியியலில் முதல் டாக்டர் பட்டம் 1943-இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தால் வழங்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னர் ஆராய்ச்சி விரிவடைந்தது. 1961-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு தில்லியில் நிறுவப்பட்டது. பரோடாவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக் கழகத்தில் கல்வியியல் உயராய்வு மையம் ஏற்பட்டது. அங்குப் பணியாற்றிய பேராசிரியர் எம். பி. புச் நாடெங்கும் நடைபெற்ற கல்வி ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 1974-இல் முதல் மதிப்பீட்டு நூலை வெளியிட்டார். எந்தப் பொருளில் ஆராய்ச்சி மிகுந்துள்ளது, எந்தப் பொருள் தொடப்படாமலே கிடக்கிறது என்பதனை ஓரிடத்தில் காண்பதற்கு இத்தொகுப்பு வழி செய்தது.

எனினும் நெடுங்காலம் வரை இப்பட்டத்திற்குரிய பயிற்சி பெரும்பாலும் ஒரு மாணவருக்கும் ஒரு நெறியாளருக்கும் இடையே நிகழ்ந்த தனிப்பயிற்சியாகவே இருந்தது. நெறியாளர் அறிந்த முறையை மாணவர் கற்றார்; அவர் அறியாத முறை மாணவருக்கும் எட்டவில்லை. பல்கலைக் கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள் பாட வகுப்புகளைக் கட்டாயமாக்கியது இக்குறையைப் போக்கும் பொருட்டு எடுக்கப்பட்ட ஒரு முக்கியமான நடவடிக்கையாகும்.

2022-ஆம் ஆண்டு விதிகள் வகுக்கும் சட்டகம்

2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, பட்டப் படிப்பின் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள்; நீட்டிப்பு நீங்கலாக மிகுதியாக ஆறு ஆண்டுகள். பாட வகுப்புகள் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்கு இருத்தல் வேண்டும். ஆராய்ச்சி முறையியலும், ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைகளும் அவற்றுள் அடங்கும். பாடப் பகுதியில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவரே ஆய்வேடு அளிக்கலாம். மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முன் தமது முன்னேற்றத்தை எடுத்துரைத்தல் வேண்டும். ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் ஒரே காலத்தில் நெறியாளராக இருத்தல் ஆகாது.

இவ்விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டன. முன்னர் அப்படிப்பில் ஓரளவு கிடைத்துவந்த தொடக்கநிலை ஆராய்ச்சிப் பயிற்சி முழுவதையும் இனி டாக்டர் பட்டப் படிப்பே அளித்தாக வேண்டும். ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருத்தல் வேண்டும் என்னும் கட்டாயமும் நீக்கப்பட்டது. ஆகவே, எழுத்துப் பயிற்சியின் பொறுப்பும் படிப்பை நடத்தும் துறையின் மேல் விழுகிறது. 12 கிரெடிட் என்பது ஒரு குறைந்த அளவு மட்டுமே. அதனைக் கொண்டு எதனைக் கற்பிப்பது என்பதில்தான் திட்டத்தின் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

வினாவை வகுக்கும் பயிற்சி

பயிற்சியின் முதற்படி வினாவை வகுத்தல். களத்தில் பணிபுரிவோரிடம் கவலைகள் நிறைந்திருக்கும். ஆனால் கவலை அப்படியே ஆராய்ச்சி வினா ஆகிவிடாது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு வட்டாரத்தில் சில பள்ளிகள் நாள்தோறும் இருபது நிமிடம் குழந்தைகளை உரக்கப் படிக்கச் செய்கின்றன. அப்பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பினர் நன்றாகப் படிப்பதனை மேற்பார்வையாளர் காண்கிறார். "உரக்கப் படிக்கும் பயிற்சி படிப்புத் திறனை வளர்க்கிறது" என்று அவர் எழுதிவிடலாமா?

இங்கு மூன்று வேறு வினாக்கள் மறைந்துள்ளன. எத்தனைப் பள்ளிகளில் இவ்வழக்கம் உள்ளது என்பது விவரிக்கும் வினா. இவ்வழக்கம் உள்ள பள்ளிகளில் திறன் மிகுதியாக உள்ளதா என்பது தொடர்பு பற்றிய வினா. இவ்வழக்கமே திறனை உயர்த்தியதா என்பது காரணம் பற்றிய வினா. அக்கறை மிகுந்த தலைமையாசிரியர் உள்ள பள்ளியில் உரக்கப் படித்தலும் நடைபெறும், ஆசிரியர் வருகையும் ஒழுங்காக இருக்கும், ஏடுகளும் திருத்தப்படும். இவற்றுள் எது திறனை உயர்த்தியது என்று வெறும் ஒப்பீட்டினால் கூற இயலாது. காரணத்தைக் காண விரும்புவோர், புதிதாக இவ்வழக்கத்தைத் தொடங்கவிருக்கும் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி இவ்வாண்டும் மறு பகுதி அடுத்த ஆண்டும் தொடங்குமாறு செய்யலாம். முதல் பருவம் முழுவதும் மாணவர் இவ்வாறு ஒரே கவலையைப் பல வினாக்களாகப் பிரித்து எழுதி, உடன் பயில்வோர் முன்னிலையில் விவாதித்தல் வேண்டும். இதனைச் செய்யாமல் தலைப்பை முதலிலேயே பதிவு செய்துவிட்டால், பின்னர்த் தலைப்புக்கேற்ற வினாவைத் தேடும் நிலை ஏற்படும்.

அளவிடும் பயிற்சி

முறையியல் பாடம் வரையறைகளை மனப்பாடம் செய்யும் பாடமாக இருத்தல் ஆகாது. மாணவர் தம் கையால் கணக்கிட்டு அறிய வேண்டியவை பல. அவற்றுள் இரண்டைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவது, மாதிரியின் அளவு. ஆயிரம் குழந்தைகளைச் சோதித்தேன் என்று ஓர் ஆய்வேடு கூறுமாயின் அது பெரிய மாதிரி போலத் தோன்றும். ஆனால், ஒரே வகுப்பில் பயிலும் குழந்தைகள் ஒரே ஆசிரியரிடம் கற்பவர்கள், ஒரே ஊரினர். ஆதலால் அவர்களுடைய மதிப்பெண்கள் ஓரளவு ஒத்திருக்கும். இவ்வொற்றுமையைக் குறிக்கும் எண் 0.2 என்று கொள்வோம். 25 வகுப்புகளிலிருந்து வகுப்புக்கு 40 பேராக ஆயிரம் பேரைச் சோதித்தால், ஒரு வகுப்பின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதனை 0.2-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்ட 8.8 கிடைக்கும். ஆயிரத்தை 8.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 114 ஆகும். அதாவது, அந்த ஆயிரம் விடைத்தாள்கள் தனித்தனியே பொறுக்கியெடுத்த 114 குழந்தைகளின் விடைத்தாள்கள் தரும் அளவு செய்தியையே தருகின்றன. அதே ஆயிரம் பேரை 100 வகுப்புகளிலிருந்து பத்துப் பத்துப் பேராக எடுத்திருந்தால், பெருக்கம் 2.8 ஆகக் குறைந்து, 357 பேருக்கு ஈடான செய்தி கிடைத்திருக்கும். தாள்களின் எண்ணிக்கையும் திருத்தும் உழைப்பும் ஒன்றே. கிடைக்கும் அறிவோ மும்மடங்கு. பயணச் செலவு கூடும் என்பது உண்மையே. எனினும், எதற்காகச் செலவிடுகிறோம் என்பதனை அறிந்தே செலவிடலாம்.

இரண்டாவது, வகுப்பறையை உற்றுநோக்குதல். ஃபிளாண்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கல்வியியலார் வகுத்த முறையில், நோக்குபவர் மூன்று வினாடிக்கு ஒருமுறை வகுப்பில் நிகழ்வதனைப் பத்து வகைகளுள் ஒன்றாகக் குறிக்கிறார். இத்தகைய பதிவுகளில் இருவர் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றனர் என்று பார்ப்பது வழக்கம். "ஆசிரியர் பேசுகிறார்", "பேசவில்லை" என்னும் இரண்டு வகைகளை மட்டும் கொள்வோம். நூறு தருணங்களில் இருவரும் தனித்தனியே 80 தருணங்களை "ஆசிரியர் பேசுகிறார்" என்று குறித்துள்ளனர்; மொத்தத்தில் 84 தருணங்களில் இருவர் குறிப்பும் ஒன்றாக உள்ளது. இது சிறந்த உடன்பாடு என்று தோன்றும். ஆனால், வகுப்பைப் பாராமலே இதே விகிதத்தில் குறித்திருந்தாலும், தற்செயலாக 68 தருணங்களில் குறிப்புகள் ஒத்திருக்கக் கூடும். தற்செயலுக்கு மேற்பட்டுக் கிடைத்த 16-ஐ, கிடைக்கக் கூடியிருந்த 32-ஆல் வகுத்தால் 0.5 ஆகும். ஜேக்கப் கோஹன் 1960-இல் வெளியிட்ட கப்பா எண் இதுவே. 84 விழுக்காடு என்னும் எண் தந்த நம்பிக்கை இங்குப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மாணவர்கள் இருவர் இருவராக ஒரே வகுப்பில் அமர்ந்து இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் வேண்டும்.

மொழியும் களமும்

எண்ணால் அளக்க இயலாத வினாக்களும் உள்ளன. ஒரு சிறுமி ஏன் பள்ளியை விட்டு நின்றாள் என்பதனை வினாத்தாளினால் மட்டும் அறிய முடியாது. அவள் வீட்டாருடன் பலமுறை உரையாட வேண்டும். நாட்குறிப்பு எழுத வேண்டும். குறிப்புகளை வகைப்படுத்தக் கற்க வேண்டும். இங்கு மொழிச் சிக்கல் ஒன்று எழுகிறது. உரையாடல் சந்தாலியிலோ கோண்டியிலோ நிகழ்கிறது. குறிப்பு மாநில மொழியில் எழுதப்படுகிறது. ஆய்வேடோ ஆங்கிலத்தில் அமைகிறது. ஒவ்வொரு படியிலும் பொருள் சிறிது நழுவுகிறது. வினாப்பட்டியலை ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனைத் திரும்ப மொழிபெயர்த்து, இரண்டையும் ஒப்பிடும் பயிற்சி கட்டாயமாக இருத்தல் நன்று. பேசியவரின் சொந்தச் சொற்களையும் ஆய்வேட்டில் பதிந்து வைத்தல் வேண்டும்.

குழந்தைகளுக்கு நாம் கடமைப்பட்டவை

மேலதிகாரியின் அனுமதிக் கடிதம் பள்ளி வாயிலைத் திறக்கும். ஆனால் அது குழந்தையின் இசைவுக்கோ பெற்றோரின் இசைவுக்கோ ஈடாகாது. தம் வகுப்பு மாணவர்களையே ஆராயும் ஆசிரியர் இதில் மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். மதிப்பெண் இடுபவரிடம் "முடியாது" என்று கூறக் குழந்தை அஞ்சும். அத்தகைய வகுப்புகளில் இசைவு கேட்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். ஊரின் பெயரை மறைத்தாலும், "அவ்வூரின் ஒரே பெண் தலைமையாசிரியை" என்று எழுதினால் ஆள் அடையாளம் வெளிப்பட்டுவிடும். நெறிமுறைப் பாடம் இத்தகைய நிகழ்வுகளைக் கொண்டே நடத்தப்படுதல் வேண்டும்.

ஆண்டுகளைப் பங்கிடுதல்

முழுநேர மாணவருக்கு முதலாண்டு பாட வகுப்புகளுக்கும் வினாவை வகுப்பதற்கும் உரியது. அவ்வாண்டிலேயே இரண்டு பள்ளிகளில் சிறியதொரு முன்னோட்ட ஆய்வை முடித்து, அதன் குறைகளை எழுதித் தருதல் நலம். இரண்டாம் ஆண்டு களப்பணிக்கும், மூன்றாம் ஆண்டு பகுப்பாய்வுக்கும் எழுதுவதற்கும் ஆகும். களப்பணி பள்ளி நாட்காட்டியைத் தழுவி அமைய வேண்டும். தேர்வுக் காலத்தில் வகுப்பறையை உற்றுநோக்குவதில் பயனில்லை.

பணியிலிருப்போருக்கு இத்திட்டம் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளாக விரியும். பகுதிநேரப் படிப்பை 2022 விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால், வேலையளிப்பவரின் தடையின்மைச் சான்றிதழ் வேண்டும். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பதையும், தேவைப்படின் பாட வகுப்புகளை முடிப்பதற்குப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பதையும் அச்சான்றிதழ் கூறுதல் வேண்டும். இவ்வுறுதி ஏட்டளவில் நின்றுவிடுமாயின் இடையில் படிப்பைக் கைவிட நேரிடும். கோடை விடுமுறையில் தொடர்ச்சியாகச் சில வாரம் பல்கலைக் கழகத்தில் தங்கிப் பயிலும் ஏற்பாட்டைத் துறைகள் செய்துதருதல் ஆசிரியர்களுக்குப் பேருதவியாகும்.

சேர விரும்புவோர் கேட்க வேண்டியவை

பதிவு செய்யுமுன் துறையினரிடம் சில கேள்விகளைத் தயங்காது கேட்கலாம். முறையியல் பாடத்தில் மாணவர் தாமே செய்யும் களப் பயிற்சி எத்தனை? புள்ளியியலில் உதவ நெறியாளரைத் தவிர வேறு யார் உளர்? ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவமும் உண்மையாகவே கூடுகிறதா? முன்னோட்ட ஆய்வுக்கு இடமுண்டா? முடிவுகள் ஆராயப்பட்ட பள்ளிகளுக்குத் திரும்பச் செல்கின்றனவா?

இறுதிக் கேள்வி மிக முக்கியமானது. இன்று ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்னும் மின்னணுக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன, யாரும் படிக்கலாம். ஆயினும், தமக்கு வகுப்பறையைத் திறந்துவிட்ட ஆசிரியர் ஆங்கிலத்தில் அமைந்த முந்நூறு பக்கங்களைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. நாலு பக்க அளவில் மாநில மொழியில் ஒரு சுருக்கம் எழுதி, அப்பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுடன் விவாதித்தலைப் படிப்பின் இறுதிப் பகுதியாகவே வைக்கலாம். தம் முடிவைத் தெளிந்த சொற்களில் கூறவும், அம்முடிவின் எல்லையை ஒளியாது உரைக்கவும், ஆசிரியர்களின் மறுப்புக்கு விடையளிக்கவும் வல்லவராயின், அவர் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றவர் என்று நாம் துணிந்து கூறலாம்.