மாஸ்க்கைக் கழட்டப் பயந்த பொண்ணு!

கொரோனா அடங்கி 2022-ல எல்லாரும் மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா மூச்சு விட்டீங்களே... அப்போ பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு மட்டும், 'இன்னும் ஒரு வருஷம் மாஸ்க் போடச் சொன்னா நல்லா இருக்குமே'னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு நின்னா. திட்டாதீங்க ப்ளீஸ்... அந்தப் பாவி நான்தான்!

காரணம் ரொம்பப் பெருசு இல்லை. என் தாடையில பதினேழு முடி. ஆமா, எண்ணிப் பார்த்திருக்கேன். பூனை முடி இல்லைங்க. கறுப்பா, மொரமொரனு, விரல் வெச்சா குத்துற முடி. மேலுதட்டுல தனியா ஒரு கோட்டா!

நான் 2021 'ஆல் பாஸ்' பேட்ச். பத்தாவது முழுக்க ஆன்லைன் க்ளாஸ், கேமரா ஆஃப். வெளியே போனா மாஸ்க். யாரும் என் முகத்தைப் பார்க்கலை, நானும் கவலைப்படலை. ப்ளஸ் ஒன் போனதும்தான் ஆரம்பிச்சுது. பஸ்ல பின்சீட்டுல இருந்து ஒரு குரல்... "மச்சி, இன்னிக்கு ஷேவிங்குக்கு லீவா?" பஸ்ஸே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதேன்.

அதுக்கப்புறம் என் காலண்டரே மாறிப்போச்சு. பத்து நாளைக்கு ஒரு தடவை த்ரெட்டிங். பாக்கெட் மணி அங்கேயே காலி. போட்டோன்னா கழுத்துல துப்பட்டா. பக்கத்துல உட்கார்ந்து பேசறவங்க கண்ணு என் கண்ணைப் பார்க்குதா, தாடையைப் பார்க்குதான்னு ஒரு செக்கிங். காலேஜ் முதல் வருஷம் சிம்போசியத்துக்கு நான் ராத்திரி பகலா தயார் பண்ணின பேப்பரை, ஸ்டேஜ்ல ஏறி வாசிச்சது என் ஃப்ரெண்ட். 'தொண்டை கட்டிக்கிச்சு'னு பொய் சொல்லிட்டேன். பரிசும் அவதான் வாங்கினா.

இதைப் படிக்கிறப்ப உங்க கை தன்னால தாடையைத் தடவிப் பார்த்துச்சுன்னா... இது உங்களுக்குத்தான்.

நாம தனியா இல்லை!

2024 ஏப்ரல்ல உத்தரப்பிரதேசத்துல பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துச்சு. சீதாபூர் மாவட்டத்துப் பொண்ணு பிராச்சி நிகம் 600-க்கு 591 எடுத்து மாநிலத்துலயே ஃபர்ஸ்ட். போட்டோ வெளியானதும் நம்ம ஜனங்க மார்க்கைப் பார்க்கலை, மீசையைப் பார்த்தாங்க. கேலி, மீம்ஸ், 'பொண்ணா பையனா'ன்னு கேள்வி. ஒரு ரேசர் கம்பெனி அந்தப் பொண்ணுக்கு ஆதரவுன்னு சொல்லி விளம்பரமே போட்டு, அதுக்கும் வாங்கிக் கட்டிக்கிச்சு. 'ஒண்ணு ரெண்டு மார்க் குறைஞ்சிருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது'ங்கிற மாதிரி அந்தப் பொண்ணு பேட்டியில சொன்னதைப் படிச்சப்ப எனக்குப் பகீர்னு ஆச்சு. நானும் சிம்போசியத்துல அதைத்தானே செஞ்சேன்?

இங்கிலாந்துக்காரரான ஹர்நாம் கவுர் இன்னொரு ரூட். பி.சி.ஓ.எஸ். பிரச்னையால சின்ன வயசுலயே தாடி. ஸ்கூல்ல படாத பாடு. ஒரு கட்டத்துல எடுக்கறதையே நிறுத்திட்டார். முழு தாடி உள்ள மிக இளைய பெண்ணுன்னு கின்னஸ் சாதனையாளர் ஆனார். அது அவர் சாய்ஸ். எடுக்கணும்னு நினைக்கறதும் தப்பில்லை, விடணும்னு நினைக்கறதும் தப்பில்லை. ஆனா ரெண்டுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு... ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கறது!

மடை மேல இருக்கு!

எங்க ஊர்ல ராஜவாய்க்கால் தண்ணியிலதான் வாழையும் வெத்தலைக் கொடிக்காலும் நிக்குது. மேல மடை திறந்து கிடக்கறப்ப, கீழ வயல்ல நின்னு தண்ணியை இறைச்சுக் கொட்டினா வயல் காயுமா? நான் மூணு வருஷமா த்ரெட்டிங்ல செஞ்சது அதான்.

பெண்கள் உடம்புலயும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கும். அது இயல்பு. சிலருக்கு அது கூடிப் போகுது. அதுக்கு முக்கியமான காரணம் பி.சி.ஓ.எஸ். பலருக்கு உடம்பு இன்சுலின் பேச்சைச் சரியா கேட்காது. உடனே உடம்பு இன்னும் அதிகமா இன்சுலினைச் சுரக்கும். அந்த அதிக இன்சுலின் சினைப்பையை உசுப்பிவிட்டு ஆண் ஹார்மோனைக் கூட்டும். அது தாடை, மேலுதடு, நெஞ்சு, அடிவயிறுன்னு உள்ள பூனை முடியைத் தடிச்ச கறுப்பு முடியா மாத்திடும். முகப்பரு, பீரியட்ஸ் தள்ளிப் போறது எல்லாம் இதோட கூட்டாளிங்க.

சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெயின், லெவன்தால்னு ரெண்டு டாக்டர்கள் 1935-லயே இதைப் பத்தி எழுதிட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொன்ன கணக்குப்படி, குழந்தை பெறும் வயசுல உள்ள பெண்கள்ல 100-க்கு 8 முதல் 13 பேருக்கு இது இருக்கு. அதுல 70 சதவிகிதம் பேர் வரைக்கும் தனக்கு இருக்கறதே தெரியாது. அறுபது பேர் க்ளாஸ்ல முப்பது பொண்ணுங்க இருந்தா, ரெண்டு மூணு பேர் இருக்கலாம். எல்லாரும் துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டு...

கோழி மேல பழி!

நாமக்கல் மாவட்டத்துல பொறந்துட்டு இதைச் சொல்லலைன்னா எப்படி? 'எல்லாம் பிராய்லர் கோழிக்குப் போடற ஹார்மோன் ஊசியால'ன்னு சொல்லாத சொந்தக்காரங்க இல்லை. எங்க சித்தப்பா கோழிப் பண்ணை சூப்பர்வைசர். கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சார். "பத்தாயிரம் கோழிக்கு ஊசி போட ஆள் யாரு? நீ வர்றியா கண்ணு?"

பிராய்லர் சீக்கிரம் வளர்றது பல தலைமுறையா பார்த்துப் பார்த்துச் செஞ்ச இனப்பெருக்கத்தாலயும் தீவனத்தாலயும்தான். அதுவும் நாமக்கல்ல பெரும்பாலும் முட்டைக் கோழிங்க! முட்டையை நிறுத்தினா மீசை போகாது, புரதம்தான் போகும். அதுக்காக தினம் புரோட்டா, கூல்டிரிங்ஸ்னு இறங்கிடாதீங்க. எடை கூட இருக்கறவங்க 5 முதல் 10 சதவிகிதம் குறைச்சாலே ஹார்மோன் கொஞ்சம் அடங்கும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இது வரும். அதனால 'குண்டா இருக்கே, அதான்'ங்கிற டயலாக் வேண்டாமே!

நான் செஞ்ச முட்டாள்தனம்

ப்ளஸ் டூவுல ஒருத்தர் சொன்னாங்கன்னு கடையில ஒரு க்ரீம் வாங்கினேன். பேர் சொல்லலை. பத்து நாள்ல முகம் பளபளன்னு ஆச்சு. நாலு மாசத்துல பரு, எரிச்சல், கன்னத்துல புது முடி! அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுல ஸ்டீராய்டு இருக்குன்னு. இந்த வகைக் களிம்பை முகத்துல மாசக்கணக்கா போட்டா தோல் மெலியும், முடியும் வளரும். 2018-ல மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டுச்சு. ட்யூபைத் திருப்பிப் பாருங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன்னு இருந்தா உஷார்! ரொம்ப நாளா போடறவங்க பட்டுனு நிறுத்தினாலும் முகம் சிவந்து கொப்புளிக்கும். தோல் டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க.

டாக்டர் ரூம்ல என்ன நடக்கும்?

ரெண்டாவது வருஷம் ஒருவழியா அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். முதல்ல பார்த்த டாக்டர் ரெண்டு நிமிஷத்துல "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னுட்டார். மாப்பிள்ளை என்ன மாத்திரையா? அடுத்த டாக்டர்தான் உட்கார வெச்சுக் கேட்டார். என் அனுபவத்துல இருந்து சில விஷயங்கள்...

பீரியட்ஸ் தேதியை ஆறு மாசத்துக்கு எழுதிட்டுப் போங்க. வயசுக்கு வந்து மூணு வருஷம் தாண்டியும் 35 நாளுக்கு மேல தள்ளிப் போகுதா, வருஷத்துக்கு எட்டுக்கும் குறைவாதான் வருதான்னு கேட்பாங்க. உடம்புல ஒன்பது இடத்துல முடி எவ்வளவுன்னு பூஜ்யத்துல இருந்து நாலு வரைக்கும் மார்க் போடுவாங்க. மொத்தம் 36. இந்தப் பரீட்சையில மட்டும் மார்க் குறைய வாங்கினா சந்தோஷம்! அதனால முந்தின நாள் எல்லாத்தையும் எடுத்துட்டு மொழுமொழுன்னு போய் நிக்காதீங்க.

ரத்தப் பரிசோதனையில ஆண் ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை இதெல்லாம் பார்ப்பாங்க. ஏன்னா வேற காரணத்தாலயும் முடி வரலாம். ஸ்கேனுக்குப் பயப்படாதீங்க. கல்யாணம் ஆகாதவங்களுக்கு வயித்து மேல வெச்சுத்தான் எடுப்பாங்க. வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாதவங்களுக்கு ஸ்கேனை வெச்சு இதை முடிவு பண்ண வேண்டாம்னே 2023 சர்வதேச வழிகாட்டி சொல்லுது.

ஒரு எச்சரிக்கை. சில மாசத்துலயே கடகடன்னு முடி வளருது, குரல் கட்டையாகுதுன்னா ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க. கட்டி ஏதும் இருக்கான்னு பார்க்கணும்.

வீட்ல நடந்த பஞ்சாயத்து

மருந்துச் சீட்டைப் பார்த்து மெடிக்கல்காரர் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். அது கருத்தடை மாத்திரை! வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. "கல்யாணம் ஆகாத பொண்ணு இதைச் சாப்பிடறது வெளியில தெரிஞ்சா என்ன ஆகறது?"

அடுத்த விசிட்ல டாக்டரே அம்மாகிட்ட பேசினார். இந்த மாத்திரை ஆண் ஹார்மோனை அடக்கி, பீரியட்ஸையும் ஒழுங்காக்கும். இதுக்கு முதல்ல கொடுக்கறதே பெரும்பாலும் இதைத்தான். ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது. ரத்தம் உறையற பிரச்னை, கண்ணுல ஒளிக்கோடு தெரியற ஒற்றைத் தலைவலி, அதிக பிரஷர் இருந்தா டாக்டர் வேற வழி பார்ப்பார். அதனால ஃப்ரெண்டு சாப்பிடறதை வாங்கிப் போடாதீங்க! ஆறு மாசமாவது ஆகியும் போதலைன்னா ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பாங்க. கர்ப்பத்துல இருக்கற குழந்தையைப் பாதிக்கும்ங்கறதால அதுல ரொம்பக் கவனம் வேணும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் பீரியட்ஸுக்கும் உதவும், முடிக்குப் பெரிசா உதவாது.

முக்கியமான மேட்டர்... மாத்திரை போட்டா ஏற்கெனவே தடிச்ச முடி உதிர்ந்துடாது. புதுசா தடிக்கறது குறையும். வித்தியாசம் தெரியவே ஆறு மாசம் ஆகும். மடையை அடைக்கறதும் வேணும், நின்ன தண்ணியை இறைக்கறதும் வேணும்!

இறைக்கறது எப்படி?

*ரேசர்:* 'ஷேவ் பண்ணினா திக்கா வளரும்'ங்கறது கட்டுக்கதை. 1928-லயே மில்ட்ரெட் ட்ராட்டர்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி சோதிச்சு இல்லைன்னுட்டார். நுனி வெட்டுப்பட்டதால மொரமொரனு இருக்கு, அவ்வளவுதான். என் அம்மாயிகிட்ட சொன்னேன். "ஏஞ்சாமி, அப்புச்சி ரேசரைத் தொட்டுறாத, உனக்குன்னு தனியா வாங்கிக்கோ!" அட, அம்மாயி ஓகே சொல்லிட்டாங்க!

*த்ரெட்டிங், வேக்ஸிங்:* கொஞ்ச நாள் தாங்கும். பரு இருக்கற இடத்துல வேண்டாம். கறுப்புத் தழும்பு விழும்.

*மஞ்சள், கடலைமாவு:* தோலுக்குச் சுகம். ஆனா ஹார்மோன் முடியை நிறுத்தற சக்தி அதுக்கு இல்லை.

*லேசர்:* கறுப்பு முடிக்கு நல்லா வேலை செய்யும். பல சிட்டிங் வேணும், செலவு உண்டு. நம்ம மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் வகை பாதுகாப்பானது. தப்பான கையில போனா தீக்காயம். அபூர்வமா சிலருக்கு முடி கூடவும் செய்யும். அதனால தோல் டாக்டர்கிட்டதான் போகணும். போறதுக்குச் சில வாரம் முன்னாடி இருந்தே த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது. வேர் இருந்தாத்தான் லேசருக்கு வேலை. ஷேவ் பண்ணலாம். ஹார்மோன் அடங்கலைன்னா திரும்ப வரும்ங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க.

காசில்லைன்னு கவலையா? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிங்க நாமக்கல்லயும் இருக்கு, சேலத்துலயும் இருக்கு. மகளிர் பிரிவு, தோல் பிரிவு ரெண்டையும் கேட்டுப் போங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா, 14416-ங்கிற டெலி மானஸ் நம்பருக்கு ஒரு கால். இலவசம். இந்தப் பிரச்னை உள்ளவங்களுக்கு மனச்சோர்வு இருக்கான்னும் பார்க்கணும்னு அதே 2023 வழிகாட்டி சொல்லியிருக்கு.

பின்சீட்டு பாஸ்களுக்கு...

முதல் மீசை வந்தப்ப கண்ணாடி முன்னாடி நின்னு எவ்வளவு ரசிச்சிருப்பீங்க? அதே முடி இந்தப் பக்கம் ஒரு பொண்ணை பாத்ரூம்ல அழ வைக்குது. உங்க அக்கா, தங்கச்சிக்கும் இருக்கலாம். அவங்க உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான். அடுத்த தடவை பஸ்ல எவனாவது ஆரம்பிச்சா சிரிக்காம இருங்க. அது போதும்.

இப்போ நான் மூணாவது வருஷம். மாத்திரை ஆரம்பிச்சு பதினோரு மாசம். முடி போயிடுச்சான்னு கேட்டா... இல்லை. பதினேழு, எட்டாச்சு. போன மாசம் சிம்போசியத்துல என் பேப்பரை நானே வாசிச்சேன். அன்னிக்குக் காலையில அவசரத்துல ரேசர் எடுக்க மறந்துட்டேன். மைக் முன்னாடி நின்னப்பதான் ஞாபகம் வந்துச்சு. கை தாடைக்குப் போச்சு... அப்புறம் ஸ்லைடு மாத்தற ரிமோட்டை எடுத்துக்கிச்சு.

ரெண்டாவது பரிசுதான். ஆனா இந்தத் தடவை சர்ட்டிஃபிகேட்ல என் பேர்!