சுவீகாரப் பிள்ளையும் சிறிய பள்ளிக்கூடமும்

'நான் யார்?' என்ற கேள்வியை நம்மில் பலர் பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகே கேட்டுக்கொள்கிறோம். சுவீகாரம் வந்த பிள்ளையோ பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அந்தக் கேள்வியோடு போராட வேண்டியிருக்கிறது. அதற்கு அது வேதாந்த விசாரம் அன்று. 'என்னைப் பெற்றவள் யார்? ஏன் என்னை விட்டாள்? இவர்களும் ஒரு நாள் விட்டுவிடுவார்களோ?' என்ற மூன்று கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

இவை மனத்தைக் குடையும் அதே வயதில்தான் அல்ஜீப்ராவும் பப்ளிக் பரீட்சையும் வந்து சேருகின்றன. மார்க்கு குறைகிறது. காலையில் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் வயிற்று வலி வருகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் இடத்தில் நம் குழந்தை தொலைந்துபோய்விட்டது என்று தாய் கலங்குகிறாள். சிறிய பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்துவிடலாமா என்று தகப்பனார் யோசிக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் சுவீகாரப் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் இதில் மறைந்திருக்கும் அபாயம் ஒன்று உண்டு. அதை அறிந்துகொண்ட பிறகே காரியத்தில் இறங்க வேண்டும்.

மாறிப்போன சுவீகாரம்

முன்னாளில் கர்மம் செய்வதற்கும் சொத்தை ஆள்வதற்கும் ஒரு புத்திரன் வேண்டும் என்பதே சுவீகாரத்தின் நோக்கம். பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பையனே வருவான். அவன் பிறந்த வீடு ஊரறிந்த வீடாக இருக்கும். 1956-ஆம் வருஷத்துச் சட்டம், ஹிந்துக்கள் பெண் குழந்தையையும் சுவீகாரம் செய்துகொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. இன்று 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தினரும் காப்பகத்துக் குழந்தையைத் தம் குழந்தையாக்கிக்கொள்ளலாம். ஆகவே, இக்காலத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பிறந்த வீடு எதுவென்றே தெரியாது. விவரம் அறிந்த வயதில் வந்த பிள்ளைகளுக்கோ, ஓர் இடத்தை விட்டு மற்றோர் இடத்துக்குப் போன நாள் நன்றாக ஞாபகத்தில் இருக்கும்.

எரிக்ஸனின் பள்ளிக்கூட அனுபவம்

வளரும் பருவத்தில் 'நான் யார்?' என்று மனம் தடுமாறுவதைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற எரிக் எரிக்ஸன் 1902-இல் ஜெர்மனியில் பிறந்தவர். தம்மைப் பெற்ற தகப்பனார் யார் என்பதை அவர் கடைசி வரையில் அறியவில்லை. தாயார் மணந்துகொண்ட யூத வைத்தியர் அவரைத் தம் மகனாகச் சுவீகரித்துக்கொண்டார். பையனுக்கோ நீலக் கண்கள், பொன்னிறத் தலைமயிர். யூதப் பிள்ளைகள் அவரை அந்நியன் என்று பரிகசித்தார்கள். ஜெர்மானியப் பிள்ளைகள் யூதன் என்று ஒதுக்கினார்கள். அந்த வயதில் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையை என்ன பாடு படுத்தக்கூடும் என்பது அவருக்குப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமல்ல.

சிறியதில் என்ன விசேஷம்?

ஒரு கணக்கு உபாத்தியாயர் தலைக்கு நாற்பது பிள்ளைகள் கொண்ட ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அவர் கண்முன் 200 முகங்கள். முதல் வரிசையில் இருக்கும் கெட்டிக்காரர்களையும் கடைசி வரிசையில் இருக்கும் போக்கிரிகளையும் அவர் அறிவார். நடுவில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எப்படி அறிவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எண்ணிக்கை செய்யும் வேலை.

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களை ராஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பெரிய பள்ளியில் நாடகம், சங்கீதம், விளையாட்டு எல்லாம் விதவிதமாக இருந்தன. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் அங்கே வேடிக்கை பார்ப்பவர்களாகவே நின்றார்கள். சிறிய பள்ளியிலோ நாடகம் நடக்க வேண்டுமானால் எல்லோரும் ஏதாவது ஒரு வேஷம் போட்டே ஆக வேண்டும். திரை இழுக்கவாவது வர வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையையும், 'நீ வராவிட்டால் ஆட்டம் நடக்காது' என்று கூப்பிட்டார்கள்.

சிறிய பள்ளிக்கூடத்தின் மகிமை இங்கேதான் இருக்கிறது. 'நான் யாருக்கும் வேண்டாதவன்' என்ற ஐயம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, 'நீ இல்லாமல் முடியாது' என்ற சொல்லைவிடச் சிறந்த மருந்து வேறில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. சிறிய இடத்தில் விஞ்ஞானக் கருவிகள் குறைவாக இருக்கலாம். மேல் வகுப்பில் வேண்டிய பாடம் கிடைக்காமற் போகலாம். வகுப்பில் பன்னிரண்டு பேரே இருந்து அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டால், பதின்மூன்றாவது சிநேகிதனைத் தேடிப் போக இடமில்லை. மேலும், கஷ்டத்தின் மூலகாரணம் டிஸ்லெக்ஸியா போன்ற வாசிப்புக் குறையாக இருந்தால், எந்தப் பள்ளிக்கு மாற்றினாலும் அது கூடவே வரும். அதை முதலில் பரிசோதித்து அறிவது அவசியம்.

மறைந்திருக்கும் அபாயம்

மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றம் என்பது பள்ளி மாற்றமே. சுவீகாரப் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழக்கூடும்: 'நான் சரியாக இல்லாததனால் என்னை இன்னோர் இடத்துக்கு அனுப்புகிறார்கள்.' அந்தப் பிள்ளை, "அப்பா, அங்கேயும் எனக்குப் படிப்பு வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், அது படிப்பைப் பற்றிய கேள்வி அல்ல என்பதைத் தகப்பனார் உணர வேண்டும். "எந்தப் பள்ளிக்கூடம் மாறினாலும் நம் வீடு மாறாது, கண்ணா" என்பதே அதற்குரிய பதில். ஒரு முறை சொன்னால் போதாது. பல முறை சொல்ல வேண்டும்.

சுவீகாரம் செய்யும்போது பிள்ளையின் வயதையும் அறிவையும் கருதி, அதன் விருப்பத்துக்கும் உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2015-ஆம் வருஷத்துச் சட்டம் நீதியாகக் கூறுகிறது. வீட்டுக்குள் வருவதற்கே விருப்பத்தைக் கேட்க வேண்டுமென்றால், பதினான்கு வயதில் பள்ளி மாற்றுவதற்குக் கேட்க வேண்டாமா? இரண்டு மூன்று பள்ளிகளைப் பிள்ளையோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். முடியுமானால் ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பழைய சிநேகிதர்களை விடுமுறை நாட்களில் வீட்டுக்கு அழையுங்கள். ஓர் இடத்தை விட்டு வந்தாலும் உறவு அறுந்துபோவதில்லை என்பதைப் பிள்ளை கண்ணாரக் காணட்டும்.

காலமும் ரகசியமும்

மாற்றுவதானால் எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுவது உத்தமம். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு. பத்தாம் வகுப்பில் நேராகச் சேர்வதற்குக் குறிப்பிட்ட காரணங்களும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

சுவீகாரத்துக்குப் பின் வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழில் வளர்க்கும் பெற்றோரின் பெயரே பெற்றோர் பெயராக இருக்கும். ஆகவே, புதிய பள்ளியில் யாரிடம் என்ன சொல்வது என்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது. சிறிய பள்ளியில் செய்தி சீக்கிரம் பரவும் என்பதை மறக்கலாகாது. ஆனாலும் வகுப்பு உபாத்தியாயருக்குத் தெரிந்திருப்பதால் நன்மை உண்டு. 'குடும்ப மரம் வரைந்து வா', 'கைக்குழந்தையாயிருந்தபோது எடுத்த போட்டோ கொண்டு வா' என்றெல்லாம் அவர் சொல்லக்கூடும். பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிகளோடு பரம்பரைக் குணமும் பாடமாக வருகிறது. தாய் தகப்பனாரின் கண் நிறத்தை எழுதச் சொன்னால் பிள்ளை என்ன எழுதும்? முன்கூட்டியே அறிந்த உபாத்தியாயர் வேறு உதாரணம் சொல்லிக்கொடுப்பார். ஆயினும், சொல்லலாமா என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். அது பிள்ளையின் கதை, நமக்குச் சொந்தமானதல்ல.

புதிய பள்ளியில் சேர்த்த முதல் மாதமே மார்க்கைப் பார்க்க வேண்டாம். காலை வயிற்று வலி நின்றதா, ஒரு சிநேகிதனின் பெயராவது சாப்பாட்டு வேளையில் அடிபடுகிறதா, பள்ளியில் பிள்ளை பொறுப்பேற்றுச் செய்யும் வேலை ஒன்றாவது உண்டா என்று பாருங்கள். அவை இருந்தால் மார்க்கு பின்னால் வரும். ஓர் ஆண்டு பார்த்தும் அவை வரவில்லையானால், பிள்ளையோடு உட்கார்ந்து மறுபடியும் யோசிக்கத் தயங்க வேண்டாம். அந்த யோசனையிலும் பிள்ளைக்கு ஓர் ஆசனம் இருக்கட்டும்.