சட்டம் பயிலும் ஸ்பானிய மொழியினர்க்கு அடிப்படை ஆங்கிலம்

1. முன்னுரை

ஒரு மொழியைப் பொதுத் தேவைக்காகக் கற்பதும் ஒரு துறையின் தேவைக்காகக் கற்பதும் ஒன்றல்ல. ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட சட்ட மாணவர் ஆங்கிலத்தின் அடிப்படை இலக்கணத்தையும் சொற்களையும் கற்கும்போது எதிர்கொள்ளும் சிக்கல்களை, போர்ட்டோ ரிக்கோத் தீவின் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

அத்தீவு 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. உள்ளூர் நீதிமன்றங்களின் மொழி ஸ்பானியமே என்பதைத் தீவின் உச்ச நீதிமன்றம் 1965இல் உறுதி செய்தது. ஆயினும் சான் ஹுவானிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும் என்பது சட்டவிதி. 1917ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டத்தில் இவ்விதி இடம்பெற்றது. அங்கே ஸ்பானிய ஆவணங்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அளித்தல் வேண்டும். எனவே வழக்கறிஞர் சொல்லொன்றைப் பிறழ உணர்ந்தால், அதன் விளைவைச் சுமப்பவர் கட்சிக்காரரே ஆவார்.

2. சொற்களின் இரு மரபு

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டுச் சட்டமொழியில் பிரெஞ்சும் இலத்தீனும் ஆழமாக வேரூன்றின. ஆகவே ‘கான்ட்ராக்ட்’, ‘ஆப்ளிகேஷன்’, ‘டெஸ்டமென்ட்’ போன்ற சொற்கள் ஸ்பானிய மாணவர்க்குப் புதியன அல்ல. ‘கான்ட்ராட்டோ’, ‘ஒப்ளிகாசியோன்’, ‘டெஸ்டமென்டோ’ என அவர் அறிந்தவையே. மாறாக ‘வில்’, ‘டீட்’, ‘தெஃப்ட்’, ‘ஓத்’ போன்ற பழைய ஆங்கிலச் சொற்களே அவருக்குக் கடினமானவை. ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ போன்ற இணைத்தொடர்களில் இவ்விரு மரபும் அருகருகே நிற்கின்றன. அவற்றில் இரு வேறு பொருள் தேட வேண்டியதில்லை என்பதை மாணவர் தொடக்கத்திலேயே அறிதல் நலம்.

3. போலி ஒப்புமைச் சொற்கள்

வடிவ ஒப்புமை தரும் எளிமையே பிழைக்கும் வாயிலாகிறது. கீழ்வரும் சொற்கள் இதனைக் காட்டும்.

(அ) ஸ்பானியத்தில் ‘சென்டென்சியா’ என்பது தீர்ப்பு. உரிமையியல் வழக்கின் தீர்ப்பையும் அது குறிக்கும். ஆங்கிலச் சட்டவழக்கில் ‘சென்டென்ஸ்’ என்பதோ குற்றவாளிக்கு விதிக்கப்படும் தண்டனை. கடன் வழக்கில் தோற்றவரைப் பற்றி இச்சொல்லை எழுதினால் அவர் தண்டனை பெற்றவராகத் தோன்றுவார்.

(ஆ) ‘ஹூரிஸ்புருடென்சியா’ என்பது பெரும்பாலும் நீதிமன்ற முன்தீர்ப்புகளின் தொகுதியைச் சுட்டும். ஆங்கிலத்தில் ‘ஜூரிஸ்புருடென்ஸ்’ என்பது முதன்மையாகச் சட்டத் தத்துவமாகும்.

(இ) ஸ்பெயினில் ‘மஹிஸ்ட்ராடோ’ என்பவர் உயர்நிலை நீதிபதி. ஆங்கில மரபில் ‘மாஜிஸ்ட்ரேட்’ கீழ்நிலை நீதி அலுவலர்.

(ஈ) போர்ட்டோ ரிக்கோவில் ‘நோட்டாரியோ’ ஆவதற்கு வழக்கறிஞராக இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ‘நோட்டரி’ கையெழுத்தைச் சான்றளிப்பவர் மட்டுமே. சட்டப்பயிற்சி அவருக்குக் கட்டாயமன்று. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி, ‘நோட்டாரியோ’ எனத் தம்மை அழைத்துக்கொள்வோர் குடியேறிகளை ஏமாற்றுவது அந்நாட்டில் நன்கறியப்பட்ட மோசடியாகும்.

இவையன்றி, ஒரு சொல்லுக்கு இரு சொல் நிற்கும் நிலையும் உண்டு. ‘லேய்’ என்பது இயற்றப்பட்ட சட்டம். ‘டெரெச்சோ’ என்பது சட்டமுறைமை, உரிமை என்னும் இரண்டையும் குறிக்கும். ஆங்கில ‘லா’ இவற்றுள் முதலதையும் சட்டமுறைமையையும் தழுவும். உரிமைக்கு ‘ரைட்’ என்னும் தனிச்சொல் வேண்டும்.

4. இலக்கணச் சிக்கல்கள்

4.1 எழுவாயும் உடைமைச் சொல்லும்

தமிழில் ‘வந்தான்’ என்பதுபோல ஸ்பானிய வினைமுற்றும் எழுவாயின்றி நிற்கும். ஆங்கில வினையோ பொதுவாக எழுவாயை வேண்டும். உடைமைச் சொல்லில் சிக்கல் மேலும் மிகும். ‘சு’ என்னும் ஸ்பானியச் சொல் அவனுடைய, அவளுடைய, அதனுடைய, அவர்களுடைய, உங்களுடைய என்னும் பொருள்கள் அனைத்திற்கும் உரியது. ஒரு சாட்சி ‘சு வீட்டில்’ பணம் இருந்ததாகக் கூறினால், யாருடைய வீடு என்று தெளியாமல் ஆங்கிலத்தில் எழுத இயலாது. சூழலும் தெளிவு தராதபோது, மொழிபெயர்ப்பாளர் தாமே ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் ஐயத்தைப் பதிவு செய்தல் வேண்டும்.

4.2 கடமையும் அனுமதியும்

பள்ளி இலக்கணம் ‘ஷால்’ என்பதைத் தன்மை இடத்து எதிர்காலக் குறியாகக் கற்பிக்கிறது. ஒப்பந்தத்தில் அது படர்க்கையில் வந்து கடமையை உணர்த்தும். ஸ்பானிய ஒப்பந்தங்களில் ‘பகாரா’ (செலுத்துவார்) என்னும் எதிர்கால வினைமுற்றே கடமைப்பொருள் தருவதால், இவ்விரண்டையும் இணைத்துக் கற்பித்தல் எளிது. ‘ஷால்’ பல பொருளுக்கு இடந்தருவதால் அதனைக் கைவிட்டு ‘மஸ்ட்’ என எழுதும் போக்கும் வளர்ந்துள்ளது; தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்பு அவ்வாறே எழுதப்பட்டது. ‘மே’ அனுமதியை மட்டும் தரும். ‘மே நாட்’ என்பதோ இடத்திற்கேற்பத் தடையையும் ‘இல்லாதிருக்கலாம்’ என்னும் ஐயத்தையும் தரும்.

4.3 எதிர்கால விழைவு வடிவம்

பேச்சு வழக்கில் ஏறத்தாழ மறைந்துவிட்ட எதிர்கால விழைவு வினை, ஸ்பானியச் சட்டநூல்களில் இன்றும் வாழ்கிறது. ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வரும் ‘மட்டாரே’ (கொல்வாராயின்) இதற்குச் சான்று. ஆங்கிலத்தில் இதற்கு நேர்வடிவம் வழக்கில் இல்லை; ‘ஹூஎவர் கில்ஸ்’ என நிகழ்காலமே அப்பொருளைத் தரும்.

5. முடிவுரை

சொல்லுக்குச் சொல் நிகர் தேடும் அகராதிப் பயிற்சி சட்ட மாணவர்க்குப் போதாது. ஆங்கில மரபில் ஒப்பந்தத்திற்கு மறுபயன் இன்றியமையாதது. ஸ்பானிய மரபிலோ இசைவு, பொருள், காரணம் என்னும் மூன்றுமே ஒப்பந்தக் கூறுகள். இத்தகைய இடங்களில் சட்ட அமைப்பை முதலில் விளக்கிச் சொல்லைப் பின்னர் அளிப்பதே முறை. வட்டார மொழியில் பதிவான சாட்சியம், அரசமைப்பின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலத்தில் இயங்கும் உயர்நீதிமன்றத்தை அடையும் நம் நாட்டிலும், மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கு இவ்வரிசைமுறை பொருந்தும்.